கச்சான் காற்றும் காய்ந்த கைகளும்

 

இம்மாதம் வந்த கடிதங்களில் இரண்டை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள் என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதல் கடிதம் துறைமுகப் பக்கம் வாழும் ஒரு சகோதரி எழுதியது. வீட்டு வேலை, மீன் கழுவல், உடுப்புத் துவையல் என்று நாள் முழுதும் கை ஈரத்திலேயே இருக்கிறது. கச்சான் வீசத் தொடங்கினால் கையும் காலும் வெடித்து, ஒளுச் செய்யும் போது தீயாய் எரிகிறதாம். எண்ணெய் பூசினால் ஒளுக் கூடாதோ என்ற பயத்தில் எதையும் பூசாமல் இருக்கிறாராம்.

இரண்டாவது கடிதம் ஒரு தாயினுடையது. பத்தொன்பது வயதான மகளுக்கு முகப்பரு வந்து ஆறிய இடங்களில் கருமை தங்கி விட்டது. யாரோ சொல்லித் தேசிக்காய்ச் சாறு தேய்த்தார்கள், இன்னும் கறுத்தது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்களாம். “லேபல் இல்லாத ஒரு வெள்ளைக் கிறீம், பத்து நாளில் முகம் வெளுக்கும் என்கிறார்கள். வாங்கி வைத்திருக்கிறேன். பூசலாமா, ஹஸ்ரத்?” என்று கேட்கிறார்.

அந்தத் தாய்க்கு முதலில் ஒரு வரி: அந்தக் கிறீமைத் திறக்க வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் ஓதிக் கொடுக்கும் ஆசிரியன், வைத்தியன் அல்ல. தோல் பற்றி இங்கு எழுதுவது தோல் வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரைகளே. அவற்றைத் தேடிப் படிக்க வேண்டிய நிலை என் வீட்டுக்கே வந்தது.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை, முகத்தில் கருமை படர்ந்திருக்கிறது, ஒரு கிறீம் வாங்கி வாருங்கள் நானா என்று பெயரை எழுதித் தந்தாள். பெண்கள் விஷயம் என்று எதையும் கேளாமல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் முகம் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் மாதம், பூசாத நாளில் முகம் சிவந்து எரிந்தது. அடுப்படியில் நிற்க முடியவில்லை. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. வைத்தியரிடம் கொண்டு போனோம். அது ஸ்டெராய்டு கலந்த மருந்து, முகத்தில் அப்படிப் பூசக் கூடாதது என்றார். தோல் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. வாங்கிக் கொடுத்தவன் நான். தெரியாது என்பது அவளுடைய எரிச்சலைக் குறைக்கவில்லை. ஆகவே தெரிந்து கொண்டதை உங்களுக்குச் சொல்வது என் மீது கடமை என்று எண்ணுகிறேன்.

தோல் ஏன் காய்கிறது?

நமது தோலின் மேற்பரப்பு ஒரு சுவர் போன்றது. செத்த உயிரணுக்கள் கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு சாந்து. இந்தச் சாந்துதான் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற விடாமல் காக்கிறது. சவர்க்காரமும் சுடுநீரும் இந்தக் கொழுப்பைக் கரைத்துக் கொண்டு போகின்றன. சாந்து போனால் ஈரம் போகும். ஈரம் போனால் வெடிப்பு வரும். வெடிப்பின் வழியே சலவைத் தூளும் மீன் நீரும் உள்ளே இறங்கி அரிப்பைத் தரும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மலைநாட்டிலேயே தன் மழையைக் கொட்டி விட்டு, வெறும் சூட்டோடு நம்மிடம் வருகிறது. அதுதான் கச்சான். கொடியில் போட்ட உடுப்பு நொடியில் காய்வது போலவே கழுவிய கையும் காய்கிறது. கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது; நுரைக்கவில்லையே என்று நாம் இன்னும் அதிகம் தேய்க்கிறோம். தோலுக்கு இரட்டை அடி.

வெந்நீர் நல்லது என்றும் சிலர் நினைக்கிறார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் குளித்து வந்தால் உடம்பு இலேசாவது உண்மைதான். ஆனால் காய்ந்து வெடித்த தோலுக்குச் சூடான தண்ணீர் ஆகாது. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரே போதும். பத்து நிமிடத்துக்கு மேல் குளியல் வேண்டாம். சவர்க்காரம் அக்குள், இடுப்பு, பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் போதும். கை கால் முழுதும் தினமும் நுரை பூச வேண்டியதில்லை. பொச்சு, தும்பு, கல் கொண்டு உரஞ்சுவதை விட்டு விடுங்கள். குளிக்கும் நீரில் டெட்டோல் ஊற்றும் பழக்கமும் காய்ந்த தோலை மேலும் எரிச்சலாக்கும்.

ஒளுவும் எண்ணெயும்

முதல் சகோதரியின் கேள்விக்கு வருவோம். ஒளுவின் உறுப்புகளில் தண்ணீர் தோலைச் சேர வேண்டும் என்பது சட்டம். மெழுகு, உறைந்த கொழுப்பு போல் தனியொரு படலமாக நின்று நீரைத் தடுப்பதை அகற்ற வேண்டும். ஆனால் எண்ணெய் பூசி, அதன் பசுமை மட்டும் தோலில் இருந்து, தண்ணீர் அதன் மேல் ஓடினால் ஒளுக் கூடும். நீர் தங்காமல் வழுக்கி ஓடுவது குறையாகாது. ஹிஜ்ரி 676 இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களும் கால் வெடிப்பில் அப்பிய மெழுகையும் உடலில் பூசிய எண்ணெயையும் இப்படியே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வெடித்த காலோடு வாழ்ந்த பெண்கள் இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேங்காயெண்ணெய் மெல்லியதாகப் பூசியிருந்தால் அப்படியே ஒளுச் செய்யலாம். வஸ்லின் போன்றதைத் தடிப்பாக அப்பியிருந்தால் ஒரு துணியால் துடைத்து விட்டு ஒளுச் செய்யுங்கள்.

ஒரு உறுப்பை ஒரு முறை முழுமையாகக் கழுவுவதே பர்ளு. மூன்று முறை சுன்னத். புண்ணாகிக் கிடக்கும் கைக்கு ஒரு முறை நிறைவாகக் கழுவினால் போதும். ஒளு நீரைத் துடைக்காமல் விடுவது சிறப்பு என்று ஓதியிருப்பீர்கள். அது தேவை இல்லாத போது. கச்சான் காற்றில் ஈரக்கை தானாகக் காயும் போதுதான் வெடிப்பு கூடுகிறது. உங்களுக்குத் தேவை இருக்கிறது. மெல்லிய துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உடனே சிறிது எண்ணெய் தடவுங்கள். பார்த்தீர்களா, ஐந்து நேர ஒளு தோலைக் காய வைக்கிறது என்று பயந்தீர்கள். அதுவே ஐந்து நேர மருந்து நேரமாகி விட்டது.

தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று நம்பகமான வைத்தியர் சொன்னால் தயம்மும் என்ற சலுகை இருக்கிறது. சுகமான இடத்தைக் கழுவி, கழுவ முடியாத இடத்துக்காகத் தயம்மும் செய்யும் முறையை உங்கள் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டு அறியுங்கள். தொழுகையை மட்டும் விட்டு விடாதீர்கள்.

எதைப் பூசுவது?

விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. ஈரத்தைப் பூட்டி வைப்பதில் வாசனை இல்லாத பெற்றோலியம் ஜெல்லிக்கு மிஞ்சியது குறைவு. குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் சற்று ஈரமாக இருக்கும் போதே பூச வேண்டும். காய்ந்த பின் பூசினால் பூட்டி வைக்க உள்ளே ஈரம் இராது.

நம் வீட்டுத் தேங்காயெண்ணெயும் நல்லதே. பிலிப்பைன்ஸில் செய்து 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, சாதாரண வறட்சிக்குத் தேங்காயெண்ணெய் கனிம எண்ணெய்க்குச் சமமாக உதவியது என்று காட்டியது. முகத்தில் பரு உள்ளவர்கள் மட்டும் முகத்தில் பூசுவதைத் தவிருங்கள். துவாரம் அடைத்துப் பரு கூடலாம்.

ஸைத்தூன் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. அது பரக்கத்தான மரத்தின் எண்ணெய் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இங்கிலாந்தில் 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், அதைத் தோலில் தொடர்ந்து பூசியவர்களுக்கு மேற்சுவர் சற்றுப் பலவீனமானது. எனவே வெடித்த தோலுக்கும் பச்சைக் குழந்தையின் காய்ந்த தோலுக்கும் அதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். உணவில் அதன் இடம் அப்படியே இருக்கிறது.

பாத்திரம் கழுவ, துவைக்க ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே பருத்தித் துணிக் கையுறை இருந்தால் வியர்வை தங்காது. மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். அதன் அடியில் தங்கும் சவர்க்காரமே பலருக்கு முதல் அரிப்பு. இரவில் காலுக்குத் தடிப்பாக ஜெல்லி பூசிப் பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் ஒரு வாரத்தில் மாற்றம் தெரியும்.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் சிறிதளவு, நாளுக்கு இரு முறை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மற்ற இடத்துக்குப் போகலாம்.

கருமை ஏன் தங்குகிறது?

இப்போது அந்தத் தாயின் கேள்வி. பரு, அரிப்பு, சூடு, உரசல், பூச்சிக்கடி, எதுவானாலும் தோல் புண்பட்டால் அங்கே நிறமணு அதிகம் சுரக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு இது இன்னும் அதிகம். இது அழுக்கல்ல, தேய்த்துக் கழுவப் போகாது. தேய்த்தால் புதிய புண், புதிய கருமை.

மேல்தோலில் மட்டும் தங்கிய கருமை கபில நிறமாக இருக்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் தானாக மங்கும். ஆழமாக இறங்கியது நீலச் சாம்பல் நிறமாக இருக்கும். அதற்கு வருடங்கள் ஆகலாம். பத்து நாளில் இதைப் போக்குவேன் என்று சொல்பவர் ஒன்றில் அறியாதவர், அல்லது விற்பவர்.

தேசிக்காய் பூசிக் கறுத்ததற்கும் காரணம் உண்டு. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்தது போலாகிக் கொப்பளித்துப் பின் கறுக்கும். அதில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பற்பசை, அப்பச்சோடா, இவையும் முகத்துக்கு ஆகாதவை.

பெருநாளைக்குப் போடும் மருதோன்றியிலும் கவனம் தேவை. அரைத்த இலை மணிக்கணக்கில் ஊறித்தான் செம்மஞ்சளாகச் சிவக்கும். கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மருதோன்றி’யில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். அதனால் பூவேலை போட்ட வடிவத்திலேயே கொப்பளம் எழும்பி, மாதக் கணக்கில் கருமை நிற்கும். ஒரு முறை உடம்பு அதை எதிர்க்கப் பழகினால் வாழ்நாளெல்லாம் தலைச்சாயமும் சேராது. பிள்ளைகளின் கையில் அதைப் போடவே வேண்டாம்.

உரசலும் ஒரு காரணம். இறுக்கிக் கட்டிய நைலோன் முக்காடு நாடியின் அடியில் உரசிக் கறுக்கிறது. பருத்தித் துணியை இலேசாகக் கட்டுங்கள். தொழுகை இருப்பில் கணுக்கால் தரையில் அழுத்திக் கறுப்பதும் இப்படியே. தடித்த முஸல்லாவும் சிறிது எண்ணெயும் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து வெயில் படாமல் காப்பது. குடை, முக்காட்டின் விளிம்பு, நிழல். முகத்துக்கு எஸ்பிஎப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் கிறீம் கிடைத்தால் காலையில் பூசுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை. இது இல்லாமல் வேறு எதைப் பூசினாலும் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான். இதனாலும் மாறாத கருமைக்கு வைத்தியர் தரும் மருந்துகள் உண்டு. அவற்றுள் சில கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை. ஆகவே பிறருக்கு எழுதிக் கொடுத்ததை நீங்கள் பூசாதீர்கள்.

லேபல் இல்லாத கிறீம்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் நம்மைப் போலவே முஸ்லிம்கள் நிறைந்த பகுதி. அங்கே கோட்டக்கல்லில் உள்ள அஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரியின் சிறுநீரக வைத்தியர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்குச் சாதாரணமாக அரிதாகவே காணப்படும் ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிறீம் பூசியிருந்தார்கள். கிறீம்களில் பாதரசம் இருந்தது. பெரும்பாலானோருக்குப் பூசுவதை நிறுத்தியதும் நோய் தணிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஒருவருக்கு மூளை நரம்பில் இரத்தம் உறைந்தது.

பாதரசம் நிறமணு உண்டாவதைத் தடுக்கிறது, அதனால் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியே இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் தங்குகிறது. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம், தூக்கமின்மை இவை அதன் அடையாளங்கள். பூசியவரோடு அது நிற்பதில்லை. துவாயிலும் தலையணையிலும் ஒட்டி, மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போகிறது. வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது.

பாதரசம் என்றால் உலகம் நினைப்பது ஜப்பானின் மினமாட்டாவை. அதுவும் நம் ஊர் போல் ஒரு குடாவை ஒட்டிய மீன்பிடி ஊர். தொழிற்சாலைக் கழிவில் வந்த வேறொரு வகைப் பாதரசம் மீனில் சேர்ந்து, உண்டவர்களின் நரம்பைத் தின்றது. 1956 இல் நோய் வெளிப்பட்டது. அந்த ஊரின் பெயரில் 2013 இல் ஓர் உலக உடன்படிக்கை செய்தார்கள். 2017 முதல் நடைமுறையில் உள்ள அதில் இலங்கையும் ஒரு தரப்பு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களை 2020 உடன் நிறுத்த அது ஏற்பாடு செய்தது. பின்னர் 2023 இல் கூடி, அந்த ஒரு பங்குச் சலுகையையும் நீக்கி, 2025 உடன் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே கூடாது என்று முடிவு செய்தார்கள். இருந்தும் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாக்கள் கடல் கடந்து வரத்தான் செய்கின்றன.

எப்படி அறிவது? செய்தவர் பெயர், சேர்மானம், தொகுதி இலக்கம் இல்லாததை வாங்காதீர்கள். ‘கலோமல்’, ‘மெர்குரி’, ‘மெர்குரிக்’ என்ற சொற்கள் இருந்தால் தொடாதீர்கள். தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள் என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளம். நகைக்கு ஆகாததை மகளின் முகத்தில் பூசலாமா, சகோதரியே?

வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்

வெடிப்பில் சீழ், காய்ச்சல், இரவில் தூங்க விடாத அரிப்பு இருந்தால் வீட்டு மருந்தோடு நிற்காதீர்கள். வீட்டில் பலருக்கு ஒன்றாக அரித்தால் அது சொறியாக இருக்கலாம்; எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும். பின்கழுத்து, அக்குள் வெல்வெட் துணி போல் தடித்துக் கறுத்திருந்தால் அதை அழுக்கென்று தேய்க்காதீர்கள். இரத்தத்தில் சீனி பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்த தேமலில் உணர்ச்சி இல்லையென்றால் தாமதம் வேண்டாம். தொழுநோய் இன்றும் நம் நாட்டில் இருக்கிறது. அதற்கு முழுமையாகக் குணமாக்கும் மருந்தும் இலவசமாக இருக்கிறது. முன்பு கிண்ணியாவிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வரப் பாதைக்காகக் காத்து நின்றோம். 2009 இல் பாலம் வந்து விட்டது. தூரம் இனிச் சாட்டு அல்ல.

அந்தத் தாய்க்கு

சகோதரியே, உங்கள் பதற்றம் எனக்கு விளங்குகிறது. குமரை வீட்டில் வைத்திருக்கும் தாயின் இரவு எப்படியானது என்பதை நானும் என் உம்மாவிடம் பார்த்தவன். ஆனால் அந்தக் கருமை ஒரு மாதத்தில் போகாது. போக வைக்க முயன்றால் உங்கள் மகளின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கிறீர்கள். பெண் பார்க்க வருபவர்கள் மகளை உள்ளபடியே பார்க்கட்டும். நிறத்தால் ஒருவருக்கு ஒருவர் மேன்மை இல்லை என்று முழங்கிய நபியின் (ஸல்) உம்மத் நாம். மிம்பரில் அதைச் சொல்லி விட்டு, பெண் பார்க்கும் போது ‘கொஞ்சம் நிறம் குறைவு’ என்று திரும்பிப் போகும் குற்றம் நம் ஆண்களுடையது; என்னைப் போன்று மிம்பரில் நிற்பவர்களுடையதும்தான். அதற்கு உங்கள் மகள் விலை கொடுக்கக் கூடாது.

அந்த டப்பாவைக் குப்பையில் வீசாதீர்கள், பிள்ளைகள் எடுக்கலாம். உறையில் இட்டுக் கட்டி, அடுத்த முறை கிளினிக் போகும் போது வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு சிறுநீர்ச் சோதனை பலவற்றைச் சொல்லி விடும். மகளுக்கு இன்றே தொடங்க வேண்டியது இவ்வளவுதான்:

1. நாளுக்கு இரு முறை மென்மையான சவர்க்காரத்தால் முகம் கழுவல், உரஞ்சல் இல்லை.
2. கழுவியதும் வாசனையற்ற மெல்லிய ஈரக் கிறீம்.
3. காலையில் வெயில் தடுப்பு. வெளியே போனால் குடை.
4. பருவைக் கிள்ளாமல் இருத்தல்.
5. பரு தொடர்ந்தால் தோல் கிளினிக். முதலில் பரு நிற்க வேண்டும். கருமை பிறகு தானே மங்கும்.

வாப்பாமார், நானாமார் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள். பெண்கள் ஒரு பெயரை எழுதித் தந்தால் அது என்ன, எதற்கு என்று கேட்டு விட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை.

வல்ல அல்லாஹ் நம் வீட்டுப் பெண்களுக்கு ஆபியத்தைத் தருவானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.